காட்டில் கிடக்கிறதா, மேலே பறக்கிறதா? செயற்கைக்கோள் படத்து விமானத்தை எவ்வளவு நம்பலாம்

ஓடுதளம்:
வாட்ஸ்ஆப்பில் மறுபடியும் அந்தப் படம் சுற்றுகிறது. கம்போடியக் காட்டின் நடுவே வெள்ளையாக ஒரு விமானம். 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370 இதுதான் என்று 2018-இல் பிரிட்டன்காரர் ஒருவர் கூகுள் வரைபடத்திலிருந்து எடுத்துப் போட்டது. எம்எச்370 என்று நான் சொல்ல வரவில்லை. அதன் இறக்கைத் துண்டு 2015-இலேயே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிவிட்டது. ஆனால் நேற்று இந்த மன்றத்தில் ஒருவர், "மேலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாம் யூகம்" என்று எழுதியிருந்தார். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பார்க்கத் தெரிந்தால் படத்திலேயே எல்லாம் இருக்கிறது.

நிலஅளவை:
எழுதியது நான்தான். திரும்பவும் எழுதுகிறேன். அந்தப் படத்தைப் போட்டவரும் தனக்குப் பார்க்கத் தெரியும் என்றுதான் நினைத்தார். அளந்து பார்த்ததில் ஏறத்தாழ 70 மீட்டர் வந்தது. போயிங் 777-200 நீளம் 63.7 மீட்டர். மிச்சம் 6 மீட்டரை என்ன செய்தார் தெரியுமா? வாலுக்கும் உடலுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது, அதனால் உடைந்து கிடக்கிறது என்றார். அளவு பொருந்தாததே அவருக்கு ஆதாரமாகிவிட்டது!

ஓடுதளம்:
அது அவர் பார்த்த லட்சணம் சார், படம் என்ன செய்யும்? அவ்வளவு பெரிய விமானம் விழுந்திருந்தால் மரங்கள் சரிந்த தடம் எங்கே? அப்புறம் நிழல். தரையில் நிற்கும் விமானத்தின் நிழல் அதை ஒட்டியே கிடக்கும். 10 கி.மீ. உயரத்தில் பறப்பதன் நிழல், வெயில் 45 டிகிரி சாய்வில் அடித்தால் 10 கி.மீ. தள்ளி விழும். ஸ்க்ரீன்ஷாட்டுக்குள் வரவே வராது. ஆகவே விமானம் மட்டும் தெரிந்து, ஒட்டிய நிழல் இல்லை என்றால் அது பறக்கிறது.

இன்னொன்று, வண்ண விளிம்பு. செயற்கைக்கோள் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே நொடியில் எடுப்பதில்லை. இம்மி நேரம் தள்ளித் தள்ளி எடுக்கிறது. நிற்கும் பொருளில் மூன்றும் சரியாகப் பொருந்தும். ஓடும் பொருளில் விலகி நிற்கும். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வயல்வெளிக்கு மேலே பறந்த பி-2 குண்டுவீச்சு விமானத்தை கூகுள் படத்தில் கண்டுபிடித்தார்கள். வாலே இல்லாத வௌவால் வடிவம், ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்த கோடுகள். பி-2 நிற்கும் வைட்மேன் தளம் அதே மாநிலத்தில்தான். இதில் யூகம் எங்கே வந்தது? அந்த விலகலை அளந்தால் வேகத்தைக்கூடச் சொல்லிவிடலாம். மணிக்கு 900 கி.மீ. என்றால் நொடிக்கு 250 மீட்டர். பத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர்.

நிலஅளவை:
வேகத்தில்தான் மாட்டிக்கொண்டீர்கள். ஓடுவது விமானம் மட்டுமா? செயற்கைக்கோளும் நொடிக்கு சுமார் 7 கி.மீ. ஓடுகிறது. பத்தில் ஒரு நொடியில் அது 700 மீட்டர் நகர்ந்துவிடும். பார்க்கும் கோணமே மாறிவிடும். 600 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கும்போது, 10 கி.மீ. உயரத்தில் இருக்கும் பொருள் அசையாமல் நின்றாலும் தரையின் மேல் ஏறத்தாழ 12 மீட்டர் விலகித் தெரியும். உங்கள் 25 மீட்டருக்கு இது பாதி!

2023 பிப்ரவரியில் அமெரிக்கா சுட்டு வீழ்த்திய சீன பலூன் ஞாபகம் இருக்கிறதா? அது வந்த வழியைப் பழைய செயற்கைக்கோள் படங்களில் தேடிப் பிடித்தபோது, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொட்டுகளாகத்தான் கிடைத்தது. காற்றோடு மிதக்கும் பலூன். 18 கி.மீ. உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், பத்தில் ஒரு நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் விலகல் வரும். உங்கள் முறைப்படி அது ஜெட் வேகம்.

நிழல் இல்லை என்றால் பறக்கிறது என்பதும் பாதிதான். 2023-இல் ரஷ்யாவின் எங்கெல்ஸ் விமானத் தளத்தில் டியூ-95 குண்டுவீச்சு விமான உருவங்களைத் தரையிலேயே வண்ணத்தில் வரைந்து வைத்தார்கள். அதற்கும்தான் நிழல் கிடையாது.

ஓடுதளம்:
நிழல் இல்லாததால்தானே சார் அது ஓவியம் என்று பிடிபட்டது! வரைந்ததும் செயற்கைக்கோள் படத்திலேயே அம்பலமாகிவிட்டது. நீங்கள் எனக்கு எதிராக வைக்கும் உதாரணம் எல்லாம் என் பக்கமே சாய்கிறது. நான் சொன்னது காடு, வயல் மேல் தெரியும் விமானத்துக்கு. விமான நிறுத்துமிடத்தின் நடுவே நிழலில்லாமல் ஒன்று கிடந்தால் யார் பறக்கிறது என்பார்கள்?

வல்லரசுகளே நம்பிய விஷயம் இது. அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதங்களைக் குறைக்க 1991-இல் கையெழுத்திட்ட ஸ்டார்ட் ஒப்பந்தப்படி அமெரிக்கா 365 பி-52 குண்டுவீச்சு விமானங்களை அழித்தது. அரிசோனாவில் டேவிஸ்-மாந்தன் தளத்தில் கிரேனில் தூக்கிய சுமார் 6 டன் கத்தியைப் போட்டு, இறக்கை தனி, வால் தனி என்று வெட்டினார்கள். வெட்டியதை உடனே அள்ளிவிடவில்லை. ரஷ்யச் செயற்கைக்கோள்கள் எண்ணிக்கொள்ளட்டும் என்று 90 நாள் வெயிலில் அப்படியே போட்டுவைத்தார்கள்.

செங்குன்றத்தான்:
இரண்டு பேரும் விமானத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் சோழவரம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் நேர்கோட்டில் ஓடும் பழைய ஓடுபாதை, எந்தப் பிள்ளையும் ஏர்போர்ட் என்று சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்டது. ஆனால் ஊருக்குத் தெரிந்த சோழவரம் கார், பைக் பந்தயத்துக்குப் பேர்போனது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் இடம் மாறியது. கூட்டம் நின்று பார்த்த இடமெல்லாம் எந்தப் படத்தில் தெரிகிறது?

நைஜர் நாட்டுப் பாலைவனத்திலும் மணலில் ஒரு முழு விமானம் தெரியும். அது கருங்கற்களால் ஆனது. 1989-இல் யுடிஏ 772 என்ற பிரெஞ்சு விமானம் வெடித்து இறந்த 170 பேருக்காக, குடும்பத்தார் 2007-இல் அமைத்த நினைவிடம். விஷயம் தெரியாமல் ஜூம் செய்பவன் என்ன எழுதுவான்?

ஓடுதளம்:
அண்ணே, ஓடுபாதை என்று தெரிகிறதே, அது போதும் எனக்கு. யார் அங்கே பைக் ஓட்டினார்கள் என்று படம் சொல்ல வேண்டும் என்றால் நியாயமா?

நிலஅளவை:
சரி, ஓடுபாதையை விட்டுவிடுவோம். நிற்கும் விமானத்துக்கே வருகிறேன். போயிங் 737-800 நீளம் 39.5 மீட்டர், ஏர்பஸ் ஏ320 நீளம் 37.6. வித்தியாசம் 2 மீட்டருக்கும் குறைவு. ஒரு பிக்சல் அரை மீட்டர் என்றால் நான்கே பிக்சல். மூக்கு எங்கே முடிகிறது, சிமெண்ட் தரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலேயே இரண்டு பிக்சல் போய்விடும்.

ஓடுதளம்:
ரூலரை வைத்து ஏன் அளக்க வேண்டும்? வால் நிழலைப் பாருங்கள். 737-இன் செங்குத்து வால், அடியில் ஒரு சரிவு போட்டு ஏறும். ஏ320 வாலில் அந்தச் சரிவு இல்லை. நேர் மேலிருந்து வால் வெறும் கோடுதான். ஆனால் இந்தச் செயற்கைக்கோள்களில் பல, காலை பத்து, பத்தரை மணிவாக்கில் கடப்பவை. அந்நேர வெயிலில் வாலின் பக்கத்தோற்றம் அப்படியே தரையில் படுத்திருக்கும். சரிவு இருந்தால் போயிங், இல்லாவிட்டால் ஏர்பஸ்.

நிலஅளவை:
வால் நிழல் நல்ல குறிதான். ஆனால் பத்தரை மணி என்பது உங்களுக்கு மட்டுமா தெரியும்? 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குச் செயற்கைக்கோள் கடக்கும் நேரம் தெரிந்துதான் ராத்திரியில் வேலை பார்த்தார்கள், அமெரிக்காவுக்கு வாசனைகூடப் போகவில்லை. அரிசோனாவில் 90 நாள் கிடந்ததும் காட்ட விரும்பியவன் காட்டியது. அந்த ஒப்பந்தத்திலும் நேரில் போய்ச் சோதிக்கும் ஏற்பாடு தனியாக இருந்தது. படம் மட்டும் போதும் என்று அவர்களே நினைக்கவில்லை.

தேதியையும் யாரும் பார்ப்பதில்லை. கூகுள் எர்த் காட்டுவது ஒட்டுப்போட்ட படம். ஓடுபாதையின் இந்த முனை ஒரு வருடம், அந்த முனை வேறு வருடம் என்று இருக்கும். அதில் நிற்கும் விமானங்களைக் கூட்டி "இத்தனை இருக்கிறது" என்று எழுதுகிறார்கள்.

ஓடுதளம்:
பழைய தேதிகளுக்குப் போய்ப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது சார், ஒட்டு எங்கே என்று தெரிந்துவிடும். வேகத்துக்கு வருவோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரு பிக்சல் 10 மீட்டர்தான், ஆனால் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளி, பறக்கும் விமானம் மூன்று பொட்டாக நன்றாகவே விழும். சென்னைக்கு மேல் எடுத்த படம் ஒன்றை எடுக்கிறேன். அந்த நிமிடத்தில் பறந்த விமானத்தின் வேகமும் உயரமும், விமானங்களைப் பின்தொடரும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் கிடைக்கும். என் கணக்கை இங்கே போடுகிறேன், ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

நிலஅளவை:
போடுங்கள். ஆனால் ரேடார் சொன்ன உயரத்தை முதலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடக் கூடாது. வெறும் படத்தை வைத்து வேகத்தை எழுதுங்கள், உயரத்தை நான் அப்புறம் தருகிறேன். வடக்கு-தெற்காகப் பறப்பது ஒன்றும், கிழக்கு-மேற்காகப் பறப்பது ஒன்றும் எடுங்கள். செயற்கைக்கோள் கிட்டத்தட்ட வடக்கு-தெற்காக ஓடுவதால், முதல் கணக்கில்தான் பிழை வண்டி வண்டியாக வரும்.

செங்குன்றத்தான்:
மேகம் இல்லாத நாளாகப் பாருங்கள் தம்பி. ஐப்பசி, கார்த்திகைப் படத்தை எடுத்தால் பஞ்சுதான் தெரியும்.