எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரு) அரை மணி நேரம் ஓடிட்டு செத்துப்போவுது, ஆறினா திரும்ப ஓடுது. யாராவது சொல்லுங்க

சிப்புட் சார்ஜ்மேன்:
வணக்கம். மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன், செம்பனை மில்லுல கரண்ட் வேலைக்குப் பொறுப்பான சார்ஜ்மேன், பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம். போன மாசம் கோலகங்சார்ல ஒரு தவுக்கே (சீன முதலாளி) வீட்டு ஸ்டோர்ல கெடந்த 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர வாங்கிட்டேன், எவ்ளோனு கேக்காதீங்க, வீட்டுக்காரிக்கே இன்னும் உண்மையான வெல தெரியாது. எங்கப்பா எஸ்டேட்ல தொரைக்கு டிரைவரா இருந்தவரு, லயத்துல இருந்தப்போ தொரையோட எம்ஜிய கழுவுறது நானு, ஆனா சீட்ல ஒக்கார மட்டும் விட மாட்டாங்க, அந்த ஆசைதான் இப்ப இங்க கொண்டாந்து விட்டுருக்கு.

பிரச்சன இதுதான். காலைல சோக் இழுத்தா ஒரே அடில ஸ்டார்ட், 25 நிமிஷம் தங்கமா ஓடும். ஈப்போ பழைய ரோட்ல சிம்மோர் தாண்டினதும் ரெண்டு தடவ மூச்சு வாங்குற மாதிரி இழுத்துட்டு நின்னுடும். ஓரமா தள்ளி வச்சுட்டு ஒரு தே தாரிக் டீ குடிச்சுட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஸ்டார்ட் ஆவுது. சூட்டு ஊசி நடுவுலதான் நிக்குது. பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக்னு பொறி அடிக்கிற சாமான் எல்லாம் ஒரே ஞாயித்துக்கெழமைல புதுசு போட்டுட்டேன், பிரயோஜனம் இல்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். சீட்டுக்கு பின்னாடி ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கு, ஒண்ணு செத்துப்போச்சு, பேட்டரி கடை பையன் ரெண்டையும் தூக்கிட்டு ஒரே 12 வோல்ட் போட்டுடலாம் அங்கிள்ங்கிறான், சனிக்கெழமை வரச் சொல்லிருக்கான். அப்புறம் ஆயில் பிரஷர் ரோட்ல 60 காட்டுது, சூடா நிக்கும்போது 15க்கு எறங்கிடுது, பயமா இருக்கு.

கிள்ளான் மினிக்காரன்:
அங்கிள் இது வேப்பர் லாக், சூட்டுல பெட்ரோலு டியூப்லயே ஆவியாயி அடைச்சுக்கிறது. அந்த எஞ்சின்ல பெட்ரோல காத்தோட கலக்குற ரெண்டு எஸ்யூ கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (பொகை போற சூட்டுக் குழாய்) மேலயே ஒக்காந்திருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு எண்ணெ (பெட்ரோலு) கொதிக்காம என்ன செய்யும். நடுவுல தகர ஹீட் ஷீல்டு இருக்கானு பாருங்க. என் மினில பெட்ரோல் டியூப் மேல துணி காய வைக்கிற மரக் கிளிப்பு வரிசையா மாட்டிருக்கேன், எல்லாரும் சிரிக்கிறாங்க, ஆனா வண்டி ஓடுது.

ஸ்கூடாய் ராஜா:
வித்துட்டு ஒரு மைவி காரு வாங்குங்க அண்ணே, ஏசி வேல செய்யும்.

தைப்பிங் பழைய போமேன்:
தம்பி, மொதல்ல சனிக்கெழமை அந்த பையன வர வேணாம்னு சொல்லுங்க. நீங்க சார்ஜ்மேன், அதனால நேரா சொல்றேன், உங்க வண்டி பாசிட்டிவ் எர்த். பாடில மாட்டுறது பிளஸ்ஸு, மைனஸ் இல்ல. எம்ஜிபி நெகட்டிவ் எர்த்துக்கு மாறுனது 1967ல மார்க் டூ மாடல் வந்தப்போதான், அதோடதான் பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோ போயி ஆல்டர்னேட்டர் வந்துச்சு. கடைக்காரங்க பழக்க தோஷத்துல கறுப்பு மைனஸ் வயர பாடில மாட்டுவாங்க, மாட்டுனா ஆர்பிஎம் மீட்டர் போவும், டைனமோ குழம்பும், யாராச்சும் நடுவுல ரேடியோ வச்சிருந்தா பொகைதான். ரெண்டு ஆறு வோல்ட்டும் சீரீஸ்ல இருக்கு, மொத்தம் பன்னெண்டுதான், அதனால சின்ன சைஸ் 12 வோல்ட் ஒண்ண ஒரு பக்கத்துக் குழில வைக்கிறதுல தப்பே இல்ல, பிளஸ் பாடிக்கு போனா போதும். மேல தகர மூடி டெர்மினல்ல தட்டாம ரப்பர் போட்டு மூடுங்க.

ஆயில் பிரஷர விடுங்க, ஓடும்போது 50க்கு மேல இருக்கு, சூட்டுல நிக்கும்போது 15, இந்த வயசுக்கு அது நல்ல ரத்த அழுத்தம். 20டபிள்யூ50 கெட்டி ஆயில் ஊத்துங்க, புது வண்டிக்கு ஊத்துற தண்ணி மாதிரி ஆயில் வேணாம். அதே ஆயில்ல கொஞ்சம் கார்பரேட்டர் மேல இருக்கிற கறுப்பு மூடியத் தொறந்து உள்ளயும் விடணும், பல பேரு மறந்துடுவாங்க, அப்புறம் மிதிச்சா திக்குதுனு வந்து நிப்பாங்க.

இப்ப நிக்கிற விஷயம். ஒங்க மேல ஒரு கோவம் இருக்கு, நாலு சாமான ஒரே நாள்ல மாத்துனா எது நோவுனு எப்படி தெரியும், மில்லுல மோட்டார் டிரிப் ஆனா இப்படியா செய்வீங்க? புது கண்டென்சர்லயும் சீக்கிரம் சாவுறது இப்ப நெறைய வருது, பழச தூக்கிப் போட்டுறாதீங்க. மினிக்காரத் தம்பி சொல்றதும் நடக்கும், ஆனா வேப்பர் லாக்னா பெரும்பாலும் டிராபிக்ல ஊர்ந்து போவும்போதோ, நிறுத்திட்டு உடனே ஸ்டார்ட் பண்ணும்போதோதான் வரும், ஒங்க வண்டி காத்து அடிக்க ரோட்ல ஓடிட்டு இருக்கும்போதே நிக்குது. அடுத்த தடவ நின்னா எஞ்சின் மூடியத் தொறக்காதீங்க. சாவிய ஆன்ல வச்சுட்டு வலது பின் வீலுக்கு முன்னாடி குனிஞ்சு கேளுங்க, பெட்ரோல் பம்பு அங்க அடில இருக்கு, அது எலெக்ட்ரிக் பம்பு, டிக் டிக்னு அடிக்கும். காலைல நல்லா இருக்கும்போது எப்படி அடிக்குதுனு ஒரு தடவ காதுல வாங்கி வச்சுக்குங்க. நின்ன எடத்துல சத்தம் இருக்கா, இல்லயா, வேகமா மெதுவானு எழுதுங்க. சிகரெட்டு கூடாது, கைல சின்ன ஃபயர் எக்ஸ்டிங்குஷர் இருக்கட்டும்.

சிப்புட் சார்ஜ்மேன்:
ஐயா, பேட்டரி பையனுக்கு போன் போட்டு நிறுத்திட்டேன், நல்லவேள. முப்பது வருஷமா கரண்டோட வாழுறேன், பிளஸ் பாடிக்கு போவும்னு யோசிக்கவே இல்ல, அப்பாகிட்ட சொன்னேன், "தொரை காடியும் அப்படித்தான், உனக்கு தெரியாதா"ங்கிறாரு.

இன்னிக்கு காலைல பசியாறிட்டு கெளம்பினேன். கெளம்புமுன்ன கேட்டேன், சாவி திருப்புனதும் வேகமா டிக் டிக் டிக், அப்புறம் மெதுவாயி நிக்குது. சிம்மோர்கிட்ட வழக்கம் போல செத்துச்சு. குனிஞ்சு கேட்டா சத்தமே இல்ல. செருப்பால பம்ப ரெண்டு தட்டு தட்டுனேன், ஒரே ஒரு டிக், அவ்வளவுதான். பம்பு போச்சா?

தைப்பிங் பழைய போமேன்:
அவசரப்படாதீங்க. மேல ரெண்டு கார்பரேட்டரும் ரொம்பி இருந்தாலும் பம்பு சும்மாதான் இருக்கும், காலைல கேட்டது அதான். கார்பரேட்டருக்கு வர்ற டியூப கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு சாவி போடுங்க. எண்ணெ வந்தா பம்பு குத்தம் இல்ல. வரலனா டியூப அப்படியே விட்டுட்டு போயி டேங்க் மூடியத் தொறங்க, தொறக்கும்போது காத கிட்ட வைங்க. ஆமா, ஒங்க மூடி என்ன மாதிரி? பூட்டு இருக்கா?

சிப்புட் சார்ஜ்மேன்:
பூட்டு இருக்கு ஐயா, சாவி போட்டு தொறக்குறது, தவுக்கே மவன் எவனோ எண்ணெ திருடுறான்னு மாட்டுனதாம். நாளைக்கு பாக்குறேன்.

சிப்புட் சார்ஜ்மேன்:
ஐயா!! நின்னுச்சு, டியூப கழட்டுனேன், பாட்டில்ல ஒரு சொட்டு கூட இல்ல. மூடில சாவி போட்டு திருப்புனேன், ஸ்ஸ்ஸ்னு காத்து உள்ள இழுத்துச்சு பாருங்க, பிரஷர் குக்கர் மாதிரி, ஆனா தலகீழா. உடனே பம்பு டக் டக் டக்னு அடிச்சு பாட்டில் ரொம்பிருச்சு. நடுரோட்ல நான் தனியா சிரிச்சத பாத்து ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிச்சுட்டு போனாரு.

தைப்பிங் பழைய போமேன்:
அதான். அந்த கால வண்டில டேங்க் மூச்சு விடுறதே மூடி வழியாதான். எண்ணெ கொறைய கொறைய காத்து உள்ள வரணும், ஒங்க பூட்டு மூடி அடைச்சு வச்சிருக்கு, பம்பு எவ்ளோ இழுத்தாலும் டேங்க் விடாது. நீங்க தே குடிக்கிற நேரத்துல சூட்டுல எண்ணெ ஆவியாயி, காத்தும் கொஞ்சம் உள்ள கசிஞ்சு, சமமாயிடும், அதான் திரும்ப ஓடுச்சு. காத்து போற மாதிரி ஓட்டை உள்ள மூடி எம்ஜிபிக்குனே கெடைக்குது, அத வாங்குங்க. இருக்கிற மூடில ஆணியால ஓட்டை போடலாம்னு தோணும், போடாதீங்க, நம்ம ஊரு மழைல தண்ணி டேங்குக்குள்ள போவும். பம்பையும் ஒரு தடவ தொறந்து அதுக்குள்ள இருக்கிற பாயிண்ட பாருங்க, இழுத்துப் பிடிச்சிட்டே இருந்துச்சுல்ல, கருகிருக்கும்.

கிள்ளான் மினிக்காரன்:
நான் சொன்ன கிளிப்பு வேஸ்ட்டா அப்போ 😅

சிப்புட் சார்ஜ்மேன்:
ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். புது மூடி போட்டாச்சு, ஈப்போ போயி திரும்பி வந்தேன், நிக்கல. பழைய பூட்டு மூடி ஷோகேஸ்ல இருக்கு. பம்பு பாயிண்ட் கருகித்தான் இருந்துச்சு, தேச்சு விட்டேன். ஒரு புது சந்தேகம், ஜங்ஷன்ல மெதுவா உருண்டு வந்து ஒண்ணாம் கியர் போட்டா கர்ர்ருனு கத்துது, கியர்பாக்ஸ் போச்சா?

தைப்பிங் பழைய போமேன்:
இல்ல தம்பி, 1967க்கு முன்னாடி வந்ததுல ஒண்ணாம் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போது கியர் கத்தாம சேர விடுற சாமான்) கெடையாது. வண்டி முழுசா நின்னப்புறம் போடுங்க, உருண்டா ரெண்டுலயே போங்க. அது கெடக்கட்டும், முன் வீல் கிங்பின்னுக்கு கிரீஸ் அடிச்சீங்களா?

சிப்புட் சார்ஜ்மேன்:
கிங்பின் எங்க இருக்கு ஐயா?