இருவருக்கும் பந்து கிடைத்துவிட்டால் ஓவர்டைம் நியாயமாகிவிடுமா?

பஃபலோ_பனி:
நான் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான NFL-இல் பஃபலோ பில்ஸ் அணியின் ரசிகன், அதனால் கொஞ்சம் புலம்பல் இருக்கும். 2022 ஜனவரி 23, கான்சாஸ் சிட்டி. 36-33 என்று எங்களுக்கு முன்னிலை, மிச்சம் 13 நொடி. என் மனைவி பாத்திரம் கழுவவே எழுந்துவிட்டாள். அந்த 13 நொடிக்குள் எதிரணி சீஃப்ஸ் ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி) அடித்துச் சமன் செய்துவிட்டார்கள். ஓவர்டைம் (கூடுதல் நேரம்) டாஸில் எங்கள் ஜாஷ் ஆலன் டெயில்ஸ் கேட்டார், விழுந்தது ஹெட்ஸ். அதோடு சரி, பந்து அவர் கைக்கு வரவேயில்லை. சீஃப்ஸின் கெல்சி அடித்த டச்டவுனோடு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து 6 புள்ளி) 42-36.

முதலில் பந்து பெற்ற அணி டச்டவுன் அடித்தால் ஆட்டம் அங்கேயே முடியும் என்ற 2010 விதி வந்ததிலிருந்து அந்த சீசன் முடியும்வரை நடந்த 12 ப்ளேஆஃப் (நாக்அவுட்) ஓவர்டைம்களில் 10-ஐ டாஸ் வென்ற அணியே தட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த மார்ச் மாதமே ப்ளேஆஃபில் இரு அணிக்கும் பந்து உண்டு என்று மாற்றினார்கள். 2025 முதல் வழக்கமான சீசனுக்கும் அதே விதி. இப்போது டாஸ் வென்றால் எதைக் கேட்பது? அநியாயம் ஒழிந்ததா, பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டதா?

நான்காம்_டவுன்:
பக்கம் மாறிவிட்டது என்பேன். 2024 சூப்பர் பவுலை, அதாவது இறுதிப் போட்டியைப் பாருங்கள். டாஸ் வென்ற 49ஐனர்ஸ் பந்தை முதலில் கேட்டு வாங்கி, ஃபீல்டு கோலோடு 22-19 என நின்றார்கள். அடுத்து சீஃப்ஸ் தங்கள் 34 யார்டில் நான்காம் டவுன் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சியில் கடைசி), ஒரு யார்டு பாக்கி. பன்ட் அடித்தால், அதாவது பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுத்தால், ஆட்டம் போச்சு என்று தெரிந்ததால் யோசனைக்கே இடமில்லை. அவர்களின் மஹோம்ஸ் தானே ஓடி எடுத்தார். கடைசியில் ஹார்ட்மேன் டச்டவுன், 25-22. முதலில் ஆடுகிறவருக்கு இலக்கு தெரியாது. கிரிக்கெட்டில் சேஸிங் மாதிரிதான்.

பந்தை முதலில் கேட்டதற்கு 49ஐனர்ஸ் கோச் ஷானஹன் சொன்ன காரணமும் தள்ளிவிடக்கூடியதல்ல. இரண்டு அணியும் சமமாக எடுத்தால் மூன்றாவது முறை பந்து முதல் அணிக்கு, அப்போது எந்தப் புள்ளியும் வெற்றிதான். ஆனால் அந்த மூன்றாவது முறை வந்தால்தானே!

மைசூர்பாகு:
ஒரே துண்டு மைசூர்பாகுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் என்ன செய்வோம்? அண்ணன் வெட்டுவான், தங்கை முதலில் எடுப்பாள். 2021-ல் ரேவன்ஸ் அணி இதையேதான் முன்வைத்தார்கள். ஆட்டம் எந்த யார்டு கோட்டில் தொடங்கும் என்று ஒரு அணி குறிக்கும். மற்றது அங்கிருந்து தாக்குவதா தடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும். தாராளமாகக் குறித்தால் எதிரி பந்தை எடுத்துக்கொள்வான், கஞ்சத்தனமாகக் குறித்தால் உன் தலையில் கட்டுவான். அப்புறம் டாஸில் தோற்றோம் என்று யாரும் அழ முடியாது. லீக் ஏற்கவில்லை.

பஃபலோ_பனி:
@மைசூர்பாகு கணக்குப்படி அருமை. ஆனால் எங்கள் கோச் 13 யார்டு என்று குறித்து, எதிரணி தடுக்கிறோம் என்று சொல்லி, நாங்கள் அங்கேயே பந்தைத் தவறவிட்டால்? அப்போது திட்டுவதற்கு நாணயம்கூட இருக்காதே.

சைட்லைன்:
ப்ளேஆஃபை விடுங்கள், அங்கே முடிவு வரும்வரை ஆடுவார்கள். என் குறை வழக்கமான சீசனின் 10 நிமிடம் பற்றி. 2017-ல் 15-லிருந்து குறைத்தது, இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆளுக்கு ஒரு நீண்ட டிரைவ் (பந்தை விடாமல் முன்னேறும் தொடர்) என்றால் நேரம் காலி. 2025 செப்டம்பரில் கவ்பாய்ஸ் ஃபீல்டு கோல், எதிரணி பேக்கர்ஸ் நேரம் முடியும்போது ஃபீல்டு கோல், 40-40 என்று வீட்டுக்குப் போனார்கள். நான்காம்_டவுன் சொன்ன மூன்றாவது முறை வரவே வழியில்லை. அப்படியானால் சீசனில் டாஸ் வென்றவன் பந்தை முதலில் கேட்பது எதற்கு?

நான்காம்_டவுன்:
காற்று பலமாக அடித்தால் ஒழிய, எனக்கும் காரணம் தெரியவில்லை.