சுமதாங் வெந்நீர் ஊற்று: இரவு தங்கலாமா?

கேள்வி: லடாக்கின் லே நகரத்திலிருந்து சோ மோரிரி ஏரிக்குப் போகும் வழியில், சுமதாங்கில் ஒரு ராத்திரி தங்க நினைக்கிறோம். அம்மாவும் வர்றாங்க. எதைக் கவனிக்கணும்?

பதில் 1: லே இறங்கின அன்னைக்கே கிளம்பிடாதீங்க. சுமதாங் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். லேயில் ரெண்டு ராத்திரியாவது தங்கி உடம்பைப் பழக்குங்க. வழியில் வர்ற காரு என்ற ஊரில் வண்டிக்குப் பெட்ரோல் டேங்கை நிரப்பிடுங்க. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது.

பதில் 2: சிந்து நதிக்கரையில் ஊற்று பொங்குற இடத்துல கையை விடாதீங்க, வெந்துடும். குளியலறையில் முதல்ல பச்சைத்தண்ணி, மேல வெந்நீர். முழங்கையால் சூடு பாருங்க. பத்து நிமிஷம் போதும். சூட்டில் ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கும், சட்டுனு எழுந்தா தலை சுத்தும். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிட்டா டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் இறங்கட்டும்.

பதில் 3: வெள்ளிக் கொலுசு, மோதிரத்தைக் கழட்டிடுங்க. ஊற்றுத் தண்ணியில இருக்கிற கந்தகத்தில் கறுத்துடும்.