பாவித்த பாய்ப்படகை மலைக்குக் கொண்டுவருமுன்

பொல்கொட ஏரிப் பக்கம் பாவித்த லேசர் (ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகு) ஒன்று விலைக்கு வந்தால், பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். வெற்று உடல் 59 கிலோ. கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசே போதும். இரு முனைக்கும் கட்டை வைத்து, ஒரு முனையைத் தூக்கி எடை பார்த்து, பிறகு மறுமுனையையும் எடை பார்த்து, இரண்டையும் கூட்டுங்கள். 65 தாண்டினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. விலை குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பாய்மரக் குழி. தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, 20 நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி விட்டிருக்கிறது. காற்று பிடிக்கும்போது மரத்தின் முழு நெம்பும் அங்கேதான் விழும். ஒரு நாள் டெக்கையும் கிழித்துக்கொண்டு மரம் சாயும். டெக்கில் 5 அங்குல வட்டம் வெட்டி, உள்ளே பைபர் மேட்டும் எபொக்சியும் போட்டுக் கட்டி, ஓட்டைக்குத் திருகு மூடி போடலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பலர் கவனிக்காதது லொறிப் பயணம். ஏற்றியதும் பின்பக்கத்தில் நீர் வடிக்கும் துளையின் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே அடைபட்ட கீழ்நாட்டுக் காற்று ஒவ்வொரு சதுர மீற்றரையும் 2 தொன் அளவுக்கு வெளியே தள்ளும். சிறு மூச்சுத்துளை உண்டுதான், ஆனால் பழைய படகில் அது அழுக்கடைத்துக் கிடக்கும். டெக்கும் உடலும் ஒட்டிய விளிம்புதான் முதலில் பிளக்கும்.

*

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு வாங்குபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கள் வெளியே தெரியும். ஆபத்து அதற்குக் கொஞ்சம் முன்னால், அவை ஓரிரு அடி நீருக்குக் கீழே மறைந்து நிற்கும்போது. லேசரின் நடுப்பலகை (படகின் அடியில் நீருக்குள் நீளும் பலகை) நேராக இறங்குவது. இடித்தால் மடங்காது, அதன் உறைதான் விரிசல் விடும். ஜீ.பி. 14 போல அச்சில் சுழன்று மேலெழும் பலகையுள்ள படகே இங்கே நல்லது. பிளைவூட் படகென்றால் உறையின் அடியையும் பின்பலகையின் மூலைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் இற்றுப்போயிருக்கிறது.

மலையிடுக்குக் காற்று திடீரென அடிக்கும். லேசர்தான் வேண்டுமென்றால் 7.06 சதுர மீற்றர் பாயோடு, 5.76 சதுர மீற்றர் ரேடியல் என்ற சிறிய பாயும் அதற்குரிய கீழ்மரமும் (பாய்மரத்தின் கீழ்த்துண்டு) கிடைக்குமா என்று கேளுங்கள். மேல்மரம் இரண்டுக்கும் ஒன்றேதான்.

வாங்கிய பின் கையைக் கடிப்பது பாய்ச் செலவு. மூடுபனியில் நனைந்ததை அப்படியே மடித்து வைத்தால் கரும்புள்ளி பிடிக்கும், கழுவினாலும் போகாது. கூரைக்கடியில் விரித்துக் காயவிட்டு, மடிக்காமல் சுருட்டுங்கள். படகு நிறுத்த இடமும் நீர்த்தேக்கத்தில் இறக்க அனுமதியும் எழுத்தில் கிடைத்த பிறகே முற்பணம் கொடுங்கள்.