ஏழு மணி மாத்திரை: குடும்பக் குழுவில்

தம்பி (இரவு 9:12): அக்கா, இன்று காலை ஒன்பது மணியளவில் அப்பாவைக் குளியலறைக்கு அழைத்துச் சென்றபோது, வாசலருகே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். முன்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தார். தாங்கிப் பிடித்துவிட்டேன், அடி எதுவும் படவில்லை. ஆனால் அவர் அடம்பிடிப்பதாக எண்ணிக் கடிந்து பேசிவிட்டேன். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

அக்கா (9:20): அது அடமல்ல, தம்பி. பார்க்கின்சன் நோயில் வாசல், திருப்பம், குறுகலான இடம் ஆகியவற்றில் கால்கள் இப்படி உறைந்து நிற்பதுண்டு. அப்போது இழுத்தால் உடல் முன்னே வரும், கால் வராது. முதலில் அவரை நிதானமாக நிற்கவிடு. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, “ஒன்று, இரண்டு” என்று எண்ணு. வாசலில் நான் வண்ணப் பட்டை ஒட்டியிருப்பதும் இதற்காகத்தான்: தானாக நடக்கும் நடை தடைப்பட்டாலும், ஒரு கோட்டைப் பார்த்துத் தாண்டும் திறன் பெரும்பாலும் அவரிடம் மிஞ்சியிருக்கிறது. காலை மாத்திரையை எப்போது கொடுத்தாய்?

தம்பி (9:23): நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. உணவு முடிந்த பிறகு, எட்டேகாலுக்குக் கொடுத்தேன்.

அக்கா (9:31): எழுப்பியே ஆக வேண்டும். மாத்திரையில் உள்ள லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, மூளையை அடைந்து, உடல் அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறினால்தான் அவருடைய உடல் இளகும். புரதம் மிகுந்த உணவு அதே பாதையில் போட்டியிட்டு அதைத் தாமதப்படுத்திவிடும். ஆகவே உணவுக்கு அரை மணி நேரம் முன்பாகக் கொடுக்கிறேன். நோய் முற்ற முற்ற ஒரு வேளை மருந்து தாங்கும் நேரமும் குறைந்துகொண்டே வருவதால், ஒரு மணி நேரத் தாமதம்கூட அவருக்குப் பெரிது. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதே, என்னைக் கேள்.

அத்தை (9:40): போன முறை நான் வந்திருந்தபோது அண்ணன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லையே. என்மேல் ஏதும் வருத்தமா?

அக்கா (9:44): இல்லவே இல்லை, அத்தை. முகத் தசைகள் இறுகிவிடுவதால் மகிழ்ச்சி உள்ளே இருந்தாலும் முகத்தில் தெரிவதில்லை, குரலும் தணிந்துவிட்டது. நீங்கள் கிளம்பிய பிறகு, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த முறை அருகில் அமர்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

அக்கா (9:52): தம்பி, இன்னொன்று. சென்ற ஆண்டு வாந்திக்காக ஒரு மருத்துவமனையில் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். மறுநாள் அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. அது டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்து. தவிர்க்க வேண்டிய மருந்துகளை நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் அப்பாவின் பைக்குள் இருக்கிறது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைக் காட்டு.

தம்பி (மறுநாள் காலை 8:05): ஏழு மணிக்கு எழுப்பி மாத்திரை கொடுத்தேன். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஏழே முக்காலுக்குக் கால்கள் இளகின. வாசலில் சற்றுத் தயங்கினார். நான் எண்ணத் தொடங்குமுன் அவரே மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டு பட்டையைத் தாண்டிவிட்டார். பதினொரு மணி மாத்திரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.