பெரியப்பாவுக்கு இரும்புச்சத்து டிரிப்

குரூப்: கீழவீட்டுக் குடும்பம்

செல்வி அத்தை: அண்ணனுக்கு வியாழக்கிழமை இரும்புச்சத்து டிரிப் ஏற்ற வேண்டுமாம். ஹீமோகுளோபின் 13.4 இருக்கிறதே, எதற்கு இது? நித்யா, நீ டாக்டர்தானே, சொல்லு.

நித்யா: ரத்தசோகை இல்லாமலேயே இரும்பு குறையும் அத்தை. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு?

செல்வி அத்தை: 64. லேப்காரர் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறார்.

நித்யா: அது பொதுவான அளவு. இதயம் பலவீனமானவர்களுக்கு 100-க்குக் கீழே வந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்வோம். 100 முதல் 299 வரை என்றால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு, 20 சதவீதத்துக்குக் குறைவா என்றும் பார்ப்போம். பெரியப்பாவுக்கு எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான், அது குறைவு. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில் இரும்புக்கும் பங்கு இருக்கலாம்.

மாலதி சித்தி: முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தால் போகிறது 🙏

குமார்: மாத்திரை மலிவாயிற்றே. டிரிப் என்றால் பில் ஏறும்.

நித்யா: கீரை சாப்பிடட்டும் சித்தி, ஆனால் இந்தக் குறையை அது ஈடுகட்டாது. குமார் அண்ணா, மாத்திரையையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இதயம் பலவீனமான 225 நோயாளிகள். ஒரு பாதிக்கு 150 மி.கி. இரும்பு, தினம் இரண்டு வேளை, 16 வாரம். மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. உடல் உழைப்புத் திறனில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமே இல்லை. இந்த நோயில் உடம்பில் அழற்சி இருப்பதால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது குடலில் கதவைச் சாத்திவிடும், விழுங்கும் இரும்பு ரத்தத்துக்குப் போகாது.

குமார்: டிரிப் போட்டால் இதயம் சரியாகிவிடுமா?

நித்யா: ஆகாது. மூச்சிரைப்பு குறையலாம், நடை கூடலாம், மறுபடி அட்மிட் ஆவது குறையவும் வாய்ப்பு உண்டு. ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது உறுதியாகவில்லை. மற்ற மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. முன்பு ஏதாவது மருந்து அலர்ஜி ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா: நானும் இந்த குரூப்பில்தான் இருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும்?

நித்யா: 😄 ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்து என்றால் 15 நிமிடத்தில்கூட ஏறிவிடும் பெரியப்பா. அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள், அலர்ஜி வருகிறதா என்று பார்க்க. ஊசி குத்திய இடம் எரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை தங்கிவிடும்.

பெரியப்பா: அரை மணி நேரத்தில் ஒரு காபி குடிக்கலாமா?

செல்வி அத்தை: குடி. ஆனால் அன்றைக்கு உனக்குச் சொன்ன ஒன்றரை லிட்டர் தண்ணீர்க் கணக்கில் அதையும் சேர்த்துவிடுவேன்.