வியட்நாமில் ஆங்கிலம் பழகும் மாணவர்களோடு பழகியதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

ஹனோயில் பணிபுரிந்த உறுப்பினர்:

ஹனோயின் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் 2016 முதல் வார இறுதிகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுகிறார்கள். அங்கே வெளிநாட்டவர் ஒருவர் தனியே அமர்ந்தால் போதும், கல்லூரி மாணவர்கள் மூவர் நால்வராக வந்து, சற்று நேரம் ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்பார்கள். முதல் சனிக்கிழமை, ஏதோ விற்க வருகிறார்கள் என்றெண்ணி நான் பையை இறுகப் பிடித்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெயரையும் ஊரையும் கேட்ட கையோடு வயதைக் கேட்டார்கள். எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் அவர்கள் மொழியில் விளிக்கவே முடியாது. ‘ஆன்’ என்றால் அண்ணன், ‘சி’ என்றால் அக்கா, ‘எம்’ என்றால் தம்பி அல்லது தங்கை. ஐரோப்பியர்கள் முகம் சுளிக்கும் இக்கேள்வி நமக்கு விளங்காததா என்ன?

மனப்பாடம் செய்துவந்த கேள்விகள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட, அசட்டு அமைதி நிலவியது. அப்போது ஒரு மாணவி சுண்ணக்கட்டியால் தரையில் வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டங்களையும், இரு முனைகளிலும் அரைவட்டங்களையும் வரைந்து, கட்டத்துக்கு ஐந்து கற்களை இட்டார். ‘ஓ அன் குவான்’ என்பது அவ்விளையாட்டின் பெயர். கற்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போய், வெறுங்கட்டம் வந்தால் அதற்கடுத்த கட்டத்தில் இருப்பதை அள்ள வேண்டும் என்று அவர் விளக்கியபோது, என் பாட்டி வெறுங்குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளும் பல்லாங்குழி கண்முன் வந்தது. எங்கள் ஊரில் வரிசைக்கு ஏழு குழிகள் என்று நான் சொல்ல, எது முறை என்று வழக்கு முற்றி, அதுவரை வாய் திறக்காத மாணவர்கூட இலக்கணத்தை மறந்து என்னோடு வாதாடினார். அன்று பேச்சு ஒன்றரை மணி நேரம் நீடித்தது.

ஹோ சி மின் நகரில் ஆங்கிலம் கற்பித்த உறுப்பினர்:

மேலே எழுதியவர் சொல்வதை என் தோல்விகளும் உறுதிப்படுத்துகின்றன. நான் பணியாற்றிய பயிற்சி நிலையத்தில் முதலில் பட்டிமன்றம் நடத்தினேன். எல்லோர் முன்னும் தவறிவிடுவோமோ என்ற அச்சத்தில் இருபது பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரோக்கேயில் உற்சாகத்துக்குக் குறைவில்லை, ஆனால் திரையில் ஓடும் வரிகளைப் பாடி முடித்தபின் எவரும் ஒரு சொல் பேசவில்லை. அரிசித்தாளில் இறாலும் கீரையும் வைத்துச் சுருட்டும் ‘கோய் குவோன்’ செய்ய எனக்குக் கற்றுத்தரும்படி கேட்ட நாளில்தான் வகுப்பு உயிர்பெற்றது. தாளை அதிகம் நனைத்து நான் கிழித்தபோதெல்லாம் என்னைத் திருத்தும் ஆசையில் ஆங்கிலம் தானாகப் பீறிட்டது. தமக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் அவர்களுடைய கூச்சம் விலகுகிறது என்பது என் கணிப்பு.

உச்சரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் ‘பஸ்’ஸின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘பஸ்ஸு’ என்போம். அவர்களோ கடைசி மெய்யையே விழுங்கிவிடுவார்கள், ஏனெனில் அவர்கள் மொழியில் சொல்லிறுதியில் ஸகரம் வராது. ‘ரைஸ்’, ‘ரைட்’ இரண்டும் ‘ரை’யாகவே ஒலிக்கும். மகரமும் னகரமும் பெரும்பாலும் தப்பிவிடும்.

சுற்றுலா சென்ற உறுப்பினர்:

அதே நகரில் இரண்டு மாணவியர் ஆங்கிலம் பழகுவதற்காக எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். பென் தான் சந்தைக்கு அருகே ஒரு கோபுரத்தின் முன் நிறுத்தி, இது இந்தியப் பெண் தெய்வத்தின் கோயில் என்று ஒத்திகை பார்த்த குரலில் தொடங்கியபோது நான் குறுக்கிடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அது. இன்று கும்பிடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. விளக்கம் முடிந்தபின், அது எங்கள் ஊர்த் தெய்வம் என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, பெயரைச் சரியாகச் சொல்லித்தரக் கேட்டார்கள். ரகரம் சற்று நெளிந்தது. கடைசி ‘ன்’ துளியும் பிசகவில்லை.